"குடத்தைத்தான் எடுத்தேன், அக்கா"

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி போன் வந்தது. எங்கள் போட்டோ குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அன்று விடியற்காலையில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைக்குந்தாவுக்குப் போய் உறைபனியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். "அக்கா, முப்பது பேர் சூப்பர்னு போட்டிருக்காங்க. எது சூப்பர்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. நிஜமாவே நல்லா இருக்கா, இல்ல சும்மா சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

அந்த முப்பதில் ஒன்று நான் போட்டது. படத்தைப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டுக் கட்டைவிரலை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தேன். பத்து நிமிஷம் டைம் கேட்டுக்கொண்டு, இந்த முறை நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தேன்.

புல்வெளி முழுக்கப் பனி. பின்னால் மரங்கள். இடது ஓரத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போன ஒரு ஸ்கூட்டர். அதன் சீட்டில் உப்புத் தூவியது போலப் பனி படிந்திருக்க, நடுவில் யாரோ ஒரு விரலால் நீளமாகக் கோடு இழுத்திருக்கிறார்கள். என் கண் நேராக அந்தக் கோட்டுக்குத்தான் போனது. அதை அவளிடம் சொன்னேன். "அதை நான் கவனிக்கவே இல்லையே அக்கா" என்றாள். அவள் எடுத்தது புல்வெளியை. படத்தில் உயிரோடு இருந்தது ஓரத்து ஸ்கூட்டர். முப்பது பாராட்டும் இதை அவளுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் இன்னொன்று. பனி வெள்ளையாக இல்லை, அழுக்கு வேட்டி மாதிரி சாம்பலாக இருந்தது. கேமராவுக்குப் பனி எது, சாம்பல் எது என்று தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் அது வெளிச்சத்தை அளக்கும். படம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானாகவே குறைத்துவிடும். நாம்தான் ஒரு ஸ்டாப்பாவது, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகிற அளவுக்காவது, கூட்டி வைக்க வேண்டும். போனில் எடுத்தால் பனி மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சின்னச் சூரியனை மேலே தள்ளினால் போதும். காட்டெருமைக்கு நேர் எதிர். கறுத்த உடம்பு படத்தை அடைத்து நின்றால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி அதைப் புழுதி நிறமாக்கிவிடும், அங்கே குறைக்க வேண்டும். உறைபனி, மூடுபனி, காட்டெருமை, கருமந்தி என்று நீலகிரியில் படம் எடுக்கிறவர்களுக்கு இந்த இரண்டு தொல்லையும் தினசரி வரும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் போன் பண்ணிக் கேட்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஏன் இப்படி இருக்கிறோம் என்று யோசித்தேன். ஊட்டி பெரிய ஊர் இல்லை. இன்றைக்கு ஒருவர் படத்தைக் குறை சொன்னால் நாளைக்குச் சேரிங் கிராஸில் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவர் நம் மாமா பையனோடு படித்தவராக இருப்பார். எதற்கு வம்பு என்று ஒரு 'சூப்பர்' போட்டுவிடுகிறோம். இதற்கு நேர் எதிராக இன்னொரு வகை ஆட்கள் உண்டு. படத்தைப் பார்த்த அரை நொடியில் தீர்ப்புச் சொல்வார்கள். அடிவானம் சாய்ந்திருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு விதியை மறந்துவிட்டாய், நானாக இருந்தால் வேறு லென்ஸ் போட்டிருப்பேன் என்று வரிசையாக வரும். இரண்டு வகையினரும் படத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் என் எண்ணம். முதல் வகை ஆளைப் பார்க்கிறது. இரண்டாம் வகை தான் எடுத்திருக்கக்கூடிய படத்தைப் பார்க்கிறது.

என் அப்பா இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தார். 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967-இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் பேப்பரையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் பயன்படுத்தியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் கட்டாயம் இருப்பீர்கள். இன்று அந்தக் கட்டடங்களைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், அது தனிக் கதை. அப்பா இருந்தது சரிபார்க்கும் பிரிவில். பள்ளிக்கூட நாட்களில் நான் எதையாவது பார்த்து "நல்லா இல்லை" என்று சொன்னால் விடமாட்டார். "நல்லா இல்லைன்னா என்ன? கீறலா, புள்ளியா, பூச்சு ஒரு பக்கம் தடிச்சிருக்கா? எங்க இருக்கு? அதைச் சொன்னாத்தானே செஞ்சவன் அடுத்த தடவை சரி பண்ண முடியும்" என்பார். அது ஃபிலிமுக்கு மட்டும் சொன்னது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்கு வாய்த்தவர் ஒரு ஸ்டுடியோ அண்ணா. கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. நான் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனால் பேச மாட்டார். மேஜை விளக்கைப் போடுவார், மூக்குக் கண்ணாடியை மாற்றுவார், குறைந்தது ஒரு நிமிஷம் சும்மா பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அப்புறம் சட்டைப் பையிலிருந்து இரண்டு விசிட்டிங் கார்டை எடுப்பார். ஒன்றைப் படத்தின் வலது ஓரத்தில் வைத்து மெதுவாக உள்ளே தள்ளுவார். "இப்ப, கண்ணு?" என்பார். இன்னும் கொஞ்சம் தள்ளுவார். "இப்ப?" ஏதோ ஒரு இடத்தில் எனக்கே தெரிந்துவிடும், அந்த ஓரத்தில் நின்ற மின்கம்பம் இவ்வளவு நேரமும் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது என்று. வெட்டு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடம் படித்த எனக்குத்தான் கீழே சொல்லப்போகும் புத்தி வந்தது என்பதால் இது இன்னும் உறுத்துகிறது.

மூன்று வருஷம் ஆகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் ஒருவர் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். டீயும் வர்க்கியும் இருக்கும், ஆளுக்கு மூன்று படம். கட்டபெட்டு பக்கம் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து ஒரு தம்பி வருவான், கையில் போன் மட்டும்தான். அன்று அவன் பாட்டி அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கொண்டு வந்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் ஒரு பாதியில் விழுகிறது. நல்ல முகம், நல்ல வெளிச்சம். முன்னால் பாதி வெட்டுப்பட்டு ஒரு நீல பிளாஸ்டிக் குடம். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "குடத்தை நகர்த்திட்டு எடுத்திருக்கலாமேப்பா. அந்த நீலம் படத்தையே கெடுக்குது. இதெல்லாம் எடுக்கறதுக்கு முன்னாடி பார்க்கணும்." நாலு பேர் தலையாட்டினார்கள். அவன் சரிங்க்கா என்று படத்தை எடுத்து உறையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மூன்றாவது மாதம் நானே போன் பண்ணினேன். வேலை இருந்தது என்றான். நான் விடாமல் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "நான் குடத்தைத்தான் எடுத்தேன், அக்கா."

பாட்டி தினமும் கீழே இருந்து அந்தக் குடத்தில்தான் தண்ணீர் சுமந்து வருகிறார். அன்று வந்து இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்த நேரம் அது. நான் நகர்த்தச் சொன்னது அவன் படம் எடுத்ததற்கான காரணத்தையே.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மன்னிப்போடு அதை விட்டுவிடவும் மனசு வரவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தில் குறை இருந்தது நிஜம். குடம்தான் விஷயம் என்றால் அது பாதி வெட்டுப்பட்டு நிற்கக் கூடாது, பார்க்கிறவருக்குத் தடையாகத் தெரியக் கூடாது. நான் முதலில் "என் கண் பாட்டி முகத்துக்குப் போகுது, குடம் குறுக்கே நிக்கிற மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால், "இல்லக்கா, குடம்தான் முக்கியம்" என்று அவன் சொல்லியிருப்பான். "அப்படின்னா ரெண்டு அடி பின்னால் வா, கொஞ்சம் கீழே உட்கார், குடம் முழுசா வரட்டும்" என்று நானும் சொல்லியிருப்பேன். அவனுக்கு ஒரு நல்ல படம் கிடைத்திருக்கும். நான் அவனுக்குத் தந்தது மூன்று மாத வெட்கம்.

அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். படத்தை மேஜையில் வைத்ததும் ஒரு நிமிஷம் யாரும் பேசுவதில்லை. பிறகு ஒவ்வொருவரும் கண் முதலில் எங்கே போனது, அப்புறம் எங்கே போனது, எங்கே தட்டி நின்றது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது கிடையாது. எடுத்தவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. அதன் பிறகு அவர் எதை எடுக்க நினைத்தார் என்று சொல்வார். அப்போது இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தூரத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதுதான் மீதிப் பேச்சு. லென்ஸ், ஷட்டர் ஸ்பீடு, நேரம் எல்லாம் இங்கேதான் வரும். போனில் பார்ப்பதைவிட நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டுக் கொண்டு வருவது நல்லது. போனில் நம் விரல் படத்தைத் தள்ளிவிடத் துடித்துக்கொண்டே இருக்கும்.

தன் படத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது, இதுதான் இன்னும் கஷ்டம். "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுப் போனேன், கை விறைச்சுப் போச்சு, அதான் கொஞ்சம் ஷேக் ஆயிடுச்சு" என்போம். உண்மைதான், தொட்டபெட்டா பக்கம் ஜனவரிக் காலையில் நின்றவர்களுக்குத் தெரியும் அந்தக் குளிர். ஆனால் பார்க்கிறவர் கையில் இருப்பது படம் மட்டும்தான், நம் குளிர் அதில் இல்லை. நாம் பட்ட பாட்டை முதலிலேயே சொல்லிவிட்டால் எதிராளி நம் பாட்டைப் பாராட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார், படம் அப்படியே கிடக்கும். அதே போல ஐந்து பேர் சொல்வதையும் கேட்டு ஐந்தையும் செய்ய வேண்டியதில்லை. மூன்று பேர் ஒரே மூலையைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று நம்புங்கள். அதைச் சரிசெய்ய அவர்கள் சொல்லும் வழி தப்பாக இருக்கலாம், வழியை நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இந்தப் பொறுமை எதையும் காட்டுவதில்லை, காட்டவும் மாட்டேன். கூட்டுக்குப் பக்கத்தில் போய், மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டுக் குஞ்சுகளைப் படம் எடுப்பவர்கள். சோலைக்குள் பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டு வரவழைப்பவர்கள். கிளை போனால் கூடு வெயிலுக்கும் மழைக்கும் காக்கைக்கும் திறந்துவிடுகிறது. குரலைக் கேட்டு வரும் பறவை, தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று தீனியை விட்டுவிட்டு அதை விரட்ட அலைகிறது. காட்டெருமைக்குப் பத்தடி தூரத்தில் நின்று எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். இங்கே வெளிச்சம், கோணம் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தனியாகக் கூப்பிட்டு, இந்தப் படத்தை நீக்கிவிடுங்கள், இனி இப்படிச் செய்யாதீர்கள் என்று நேராகச் சொல்கிறேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

போன வருஷம் மழை நின்றதும் தேயிலைத் தோட்டங்களை எடுத்தேன். கம்ப்யூட்டரில் பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன், கொஞ்சம்தான் என்று நினைத்தேன். குழுவில் எல்லாரும் கொண்டாடினார்கள். அந்தத் தம்பியைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது அவன் அம்மாவிடம் பிரிண்டைக் காட்டினேன். முப்பது வருஷமாகக் கொழுந்து பறிப்பவர். அடுப்பு வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது எந்த எஸ்டேட்டுமா? கொழுந்துன்னா வெளிறின மஞ்சப் பச்சையா இருக்கும், முத்தின இலை கறுத்திருக்கும். இதுல ரெண்டும் ஒரே நிறமா இருக்கே, எதைப் பறிக்கறது?" என்றார்.

அன்று ராத்திரியே ஏற்றிய பச்சையை இறக்கினேன். கொழுந்து தனியாகத் தெரியும் வரை இறக்கினேன்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருக்கிறேன். சாயங்காலம் இலை எடை போட்டு முடித்ததும் வருகிறேன் என்றிருக்கிறார், அதற்காக நேரத்தை ஆறு மணிக்கு மாற்றியிருக்கிறோம். தலைக்குந்தாப் பெண்ணும் வருகிறாள். வருகிறவர்கள் மூன்று பிரிண்ட் கொண்டு வாருங்கள். அதில் ஒன்றாவது நீங்கள் போனில் யாருக்கும் அனுப்பாததாக இருக்கட்டும்.