கெய்ரோ நகரத்துக்கு மதில் மட்டும் போதுமா?

கெய்ரோ என்றதும் எகிப்துதான் நினைவுக்கு வரும். நான் எழுதுவது அமெரிக்காவின் இலினாய் மாநிலத் தென்கோடியில், ஒகையோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடும் முனையில் இருக்கும் கெய்ரோவைப் பற்றி. அலெக்சாண்டர் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைமையிடம் இதுதான். 1920-இல் 15,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். 2020 கணக்கெடுப்பில் 1,733 பேர்.

இதைக் கேட்டதும், "நீராவிப் படகுகள் நின்றன, ஊர் படுத்துவிட்டது" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது. 1889-இல் ஒகையோவின் மேல் ரயில் பாலம் வந்ததும் படகுத்துறை வருமானம் குறைந்தது உண்மை. 1970-களில் நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிக்கொண்டு போனதும் உண்மை. ஆனால் அதே காலத்தில் ஊருக்குள் நடந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

1962-இல் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்றார்கள். எதிர்த்து மண்டியிட்டுப் பிரார்த்தித்தவர்களில், பின்னாளில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவராகப் பெயர்பெற்ற இளைஞர் ஜான் லூயிஸும் ஒருவர். கடைசியில் அந்தக் குளத்தையே கான்கிரீட் போட்டு மூடினார்கள். 1967-இல் ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயதுக் கறுப்பினப் படைவீரர் காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். தற்கொலை என்றது அதிகார வர்க்கம். கறுப்பின மக்கள் நம்பவில்லை. 1969-இல் அவர்கள் கடைகளைப் புறக்கணித்தார்கள். எங்களுக்கும் வேலை கொடுங்கள் என்பது முக்கியக் கோரிக்கை. கொடுப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று வணிகர்கள் பலர் மூடிவிட்டுப் போனார்கள். கடைவீதி வெறிச்சோடியதற்கு ஆற்றின் மேல் பழி போடுவது அநியாயம்.

ஆறு வந்தது 2011-இல். மே 2 அன்று கெய்ரோவில் ஆற்றின் நீர்மட்ட அளவுகோலில் நீர் 61 அடியைத் தாண்டியது. வெள்ளத்திலிருந்து ஊரைக் காக்கும் மதிலின் உயரம் அதே அளவுகோலில் 64 அடி. அன்றிரவு ராணுவப் பொறியாளர்கள் எதிர்க்கரையில், மிசூரி மாநிலத்தின் பேர்ட்ஸ் பாயின்டில், வெள்ளத்தைத் திருப்பிவிடக் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுமார் 1,30,000 ஏக்கர் விளைநிலம் நீரில் மூழ்கியது. பின்ஹுக் என்ற சிறிய கறுப்பினக் கிராமம் அழிந்தே போனது. கெய்ரோ தப்பியது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை; பின்ஹுக் மக்களுக்கு உரிய காலத்தில் மாற்று இடம் தராததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இத்தனை விலை கொடுத்துக் காப்பாற்றிய ஊருக்கு அடுத்த சில ஆண்டுகளில் என்ன நேர்ந்தது? 2013 ஜனவரியில், அதே கவுண்டியில் டாம்ஸ் என்ற இடத்தில் இருந்த சிறையை மாநில அரசு மூடியது. கைதிகளைத் தனிமையில் வதைத்த சிறை அது, மூடியது சரியே. ஆனால் அங்கு வேலை பார்த்தவர்களுக்கு மாற்று வழி? 2015-இல் ஊரின் மளிகைக் கடை மூடியது. 2017-இல், எலிகளும் பூஞ்சையும் பிடித்த எல்ம்வுட், மெக்பிரைட் அரசுக் குடியிருப்புகளைச் செப்பனிட முடியாது என்று மத்திய வீட்டுவசதித் துறை கைவிரித்தது. ஏறக்குறைய 400 பேர், அவர்களில் பாதி குழந்தைகள், வெளியேற வேண்டியதாயிற்று. ஊரில் வாடகைக்கு வேறு வீடு இல்லாததால் பலர் ஊரையே விட்டார்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையில் கவுண்டியின் மக்கள்தொகை 8,238-இலிருந்து 5,240 ஆகச் சரிந்தது. இதையும் இயற்கையான தேய்வு என்றே எழுதுகிறார்கள்.

எஞ்சியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2023-இல் கூட்டுறவு முறையில் ஒரு மளிகைக் கடையைத் திறந்தார்கள். இவ்வளவு குறைந்த மக்களை நம்பி ஒரு கடை லாபத்தில் ஓடுவது மிகக் கடினம். இங்கே மளிகைக் கடையை நூலகம், மருத்துவமனை போலப் பொதுச் சேவையாகக் கருதி அரசு தொடர்ந்து மானியம் தர வேண்டும் என்பது என் கருத்து.

ஆற்றுத் துறைமுகம் அமைக்க 2020-இல் மாநில அரசு 4 கோடி டாலர் அறிவித்தது. துறைமுகம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எல்ம்வுட், மெக்பிரைட் குடும்பங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும். அதற்கும் முன்னால், அவர்கள் திரும்பி வந்து குடியேற வீடுகள் கட்டித்தர வேண்டும்.