எண்ணெயையே தொடாத அப்பாவுக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

எங்கள் அப்பா விருதுநகரில் ஒரு எண்ணெய் மண்டியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு எழுதியவர். டின்னைத் திறந்ததும் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து, புது எள்ளா பழைய எள்ளா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் நான்கு மாதம் நல்லெண்ணெய் இல்லாமல் இட்லி சாப்பிட்டார். மிளகாய்ப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்வார். அந்தத் தட்டைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை வீட்டில் கொண்டுவந்ததே நான்தான்.

சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனையில் அவருக்கு ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு, 312 என்று வந்தது. 150-க்குள் இருக்க வேண்டியது அது. நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் வெறும் 34. "எண்ணெய், நெய் எல்லாம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் ஒரு வரியில் சொல்லி அனுப்பினார். குறைக்கச் சொன்னதை அறவே நிறுத்தச் சொன்னதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். தாளிப்பு நின்றது. முட்டையில் மஞ்சள் கரு போயிற்று. வேர்க்கடலை போயிற்று. தூத்துக்குடியிலிருந்து வரும் சாளை மீனும் போயிற்று. கீரையை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்தோம். மனிதருக்குப் பசிக்குமே என்று மதியமும் இரவும் ஒரு கரண்டி சோறு கூடிற்று. பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் டீயோடு நான்கு ரஸ்க். "அதில்தான் எண்ணெய் இல்லையே, சாப்பிடட்டும்" என்றார் அம்மா. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் 348. கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் வேறு சொன்னது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா என்னைப் பார்த்தார். "எண்ணெயையே தொடவில்லையே, கொழுப்பு எங்கிருந்தும்மா வந்தது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. இதே கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கணக்குப்பிள்ளையிடம் எழுதச் சொன்னால் கேட்க வேண்டுமா? பழைய பேரேட்டில் நேர்கோடு போட்டு, நாள், வேளை, பண்டம், அளவு என்று பத்தி பிரித்து எழுதினார் அப்பா. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தோம். ரஸ்க் மட்டும் ஐம்பத்தாறு. மருத்துவர் அந்தப் பேரேட்டைப் படித்துவிட்டு, எண்ணெய்ப் பத்தியைத் தாண்டிச் சோற்றுக்கு நேராகப் பேனாவை வைத்தார்.

ட்ரைகிளிசரைடு என்பது நாம் குடித்த எண்ணெய் அப்படியே ரத்தத்தில் மிதப்பது அல்ல. சோறும் மைதாவும் சர்க்கரையும் குளுக்கோஸாக உடைகின்றன. உடம்பு செலவழித்தது போக மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. அதில் ஒரு பங்கு கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. அப்பாவுக்கு நடந்தது இதுதான். எண்ணெயை எடுத்த இடத்தில் நாங்கள் மாவை நிரப்பினோம்.

அந்த ரஸ்க் பாக்கெட்டை அன்று இரவு திருப்பிப் படித்தேன். எழுத்து அவ்வளவு பொடி, கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, மூன்றாவதாக 'தாவரக் கொழுப்பு'. இட்லியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை மறுத்த வீட்டில், பெயர் தெரியாத கொழுப்பு நாளுக்கு இரண்டு வேளை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நம் ஆட்களின் ரத்த அறிக்கைகளில் இந்தச் சேர்க்கையை அடிக்கடி பார்க்கலாம்: ட்ரைகிளிசரைடு மேலே, எச்டிஎல் கீழே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) என்ற ஆய்வு 2023-இல் வெளியானது. அது, நாட்டில் பெரியவர்களில் 81 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதாவது ஒன்று சரியில்லை என்று கண்டது. இவர்கள் எல்லாரும் நெய்யில் குளித்தவர்கள் இல்லை. நாம் சாப்பிடும் கலோரியில் பெரும்பங்கு அரிசியும் கோதுமையும் சர்க்கரையும்தான்.

கொழுப்பை எடுத்தால் அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வியே. நெய், டால்டா, பாமாயில் போன்றவற்றில் அதிகமாக இருக்கும் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, கடலை, எள், மீன் ஆகியவற்றில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பை அந்த இடத்தில் வைத்தால் மாரடைப்பு ஆபத்து குறைகிறது. வெள்ளைச் சோற்றையும் பிஸ்கட்டையும் வைத்தால் அந்த நன்மை கிடைப்பதில்லை. உடம்புக்குக் கொழுப்பு வேண்டும். உயிரணுவின் உறையே கொழுப்பால் ஆனது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்துதான் உள்ளே போகும். நாங்கள் உப்புத் தண்ணீரில் வேகவைத்த கீரையின் சத்தில் ஒரு பகுதி வீணாகத்தான் போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் கொலஸ்ட்ராலே பொய், செக்கு எண்ணெயை அள்ளி ஊற்று" என்று கிளம்புகிறவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் ஏறினால் ரத்தக் குழாயில் படிவு சேரும். இது பல பத்தாண்டு ஆராய்ச்சியில் உறுதியானது. என் பெரியப்பா ஒரு வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்தினார். ஒன்றரை ஆண்டில் ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. அந்த வீடியோக்காரர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. தேங்காய் எண்ணெய் நம் மண்ணின் எண்ணெய்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அது எல்டிஎல்லை ஏற்றும். செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. அதே போல, பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பதும் ஏமாற்று. கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் இருப்பது. கடலையிலும் சூரியகாந்தியிலும் அது எப்போது இருந்தது, இப்போது இல்லாமல் போவதற்கு?

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்ற பழமொழியைச் செக்கு எண்ணெய் விளம்பரங்களில் எல்லாம் பார்க்கிறேன். வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டுபவர். அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் வீட்டுக்கு எண்ணெய் உழக்குக் கணக்கில்தான் வந்தது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. எண்ணெய்க்கும் அளவு உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளின் 2000 கலோரி உணவுக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்கிறது. ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி. எங்கள் ஊர் எண்ணெய் பரோட்டாவை ஒரு தரம் பிழிந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு குறைவு என்று புரியும்.

காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கறுத்து, கெட்டியாகி, நுரை கட்டி நிற்கும் எண்ணெய், அது எந்த வித்தில் ஆட்டியதாக இருந்தாலும் கெட்டுப்போனதுதான். சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது. எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யும் வனஸ்பதியில் வந்த டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றுவதோடு எச்டிஎல்லையும் இறக்கும். அதற்கும் 2022 முதல் 2 சதவீதம்தான் வரம்பு. வீட்டில் பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுநாள் தாளிக்க வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எந்த விதியும் வராது, அதை நாமேதான் விட வேண்டும்.

ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை நம்பியிருக்கும் குடும்பத்திடம் மரச்செக்கு மகிமை பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதே கடையில் நம் விவசாயிகளின் கடலை எண்ணெயையும் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அப்பாவின் தட்டு இப்போது மாறிவிட்டது. சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு மடங்கு, சுண்டல், வாரம் இரண்டு நாள் சாளைக் குழம்பு, இட்லிக்கு அளந்து ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். ரஸ்க் நின்றது. மாலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். மருத்துவர் கொடுத்த மாத்திரையும் தொடர்கிறது. மூன்று மாதத்தில் 196. இன்னும் இறங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த எண் ஏறியிருந்தால், எண்ணெயை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். டீயையும் விட்டுவிடாதீர்கள். அப்பா முதல் இரண்டு நாள் டீயை எழுதவே இல்லை, அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்றார். ஒவ்வொரு டம்ளருக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று அம்மாதான் பக்கத்தில் நின்று எழுத வைத்தார்.