கத்தி வைத்ததால் இல்லை, பெரியப்பா

வளைகாப்புப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் நான் எழுந்து வந்ததைப் பற்றி ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். எழுந்தது மரியாதைக் குறைவுதான், சரி. அப்பாவின் கல்லீரல் புற்றுநோய் ஆபரேஷனைப் பற்றி நீங்கள் அம்மா காதுபட "அன்னைக்கே சொன்னேன், கத்தி வெச்சா பரவும்னு" என்றது மட்டும் மரியாதையில் சேர்த்தியா?

கத்தி வைத்ததால் பரவவில்லை. கல்லீரல் புற்றுநோயின் குணமே அது. கட்டியை முழுசாக எடுத்தாலும் 5 வருடத்துக்குள் 10 பேரில் 7 பேருக்கு வரை திரும்ப வருகிறது. ஸ்கேனில் சிக்காத துகள் ஆபரேஷனுக்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருக்கலாம். இல்லாவிட்டாலும், மிச்சமிருப்பது அதே சுருங்கிப்போன ஈரல்தானே. அதில் புதிதாகவே முளைக்கும். டாக்டர் இதை முதல் நாளே சொன்னார். அதனால்தான் 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், கட்டி திரும்பினால் கூடக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. அதனால்தான் 14-ஆம் மாதம் சின்னதாக இருக்கும்போதே தெரிந்தது.

அந்த 14 மாதத்தில்தான் உங்கள் பேத்தியின் காதுகுத்துக்கு அப்பா பட்டுப்பாவாடை தைத்தார், பெரியப்பா. வளர்கிற பிள்ளை என்று உள்மடிப்பில் நாலு விரல் துணி விட்டுத் தைத்தார். கத்தி வைத்ததால் கிடைத்த மாதங்கள் அவை.

"கீழாநெல்லி கொடுத்திருக்கலாமே" என்பீர்கள். கொடுத்தோம். 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது, உண்மை. அது ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைப் பற்றியது, புற்றுநோயைப் பற்றி அல்ல. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலனும் வரவில்லை.

"குடிச்சிருப்பான்" என்று இன்னொருவர். அப்பா ஆயுசுக்கும் குடித்தது பன்னீர் சோடா. அவர் ஈரலைக் கெடுத்தது அந்த பி வைரஸ்தான். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தம் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி வருடம் தாண்டியாயிற்று. பந்தியில் வைத்தியம் பேசத் தெரிந்த நீங்கள் இன்னும் லேப் பக்கமே போகவில்லை.

"பெரியவர், நல்லெண்ணத்தில் சொன்னார், விடு" என்கிறார்கள். விட்டிருப்பேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது அம்மா. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபைலை விரித்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போடாம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டாள். நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நீங்கள் சொன்னது ஏறிவிட்டது.