பழகுநர் சம்பளம் முழுதும் முதலாளி கணக்கிலா? உண்மை இதுதான்

‘பழகுநர் (வேலை கற்றுக்கொள்ளும் அப்ரென்டிஸ்) ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவருடைய முழுச் சம்பளத்தையும் மத்திய அரசு முதலாளி கணக்கில் போடும், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2016-ல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதில் அரசு தருவது பழகுநருக்குச் சம்பளமாகத் தரும் மாத உதவித்தொகையில் 25 சதவீதம்தான், மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய். ஒரு லேத் பட்டறையில் பையனுக்கு மாதம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு 2,000 வருகிறது, கிடைப்பதோ 1,500. மீதி 6,500 பட்டறைக்காரர் கையிலிருந்துதான் போகும். அரசின் பங்கும் 2023-லிருந்து நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகிறது.

அப்புறம், பதிவுக்குக் கட்டணமே கிடையாது. நான்கு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைகூடச் சேரலாம். நல்ல திட்டம் இது, இதன் பெயரில் சிறு தொழில் செய்பவர்கள் ஏமாறுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா என்ற அரசு இணையதளத்தைப் பாருங்கள், இல்லை பக்கத்து அரசு ஐடிஐ-யில் கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.