எல்லாம் சாண், முழம் எங்கே?

(தெருமுனை சலூன். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் கழுத்தில் வெள்ளைத் துணி. கண்ணாடிக்கு மேலே தினசரி காலண்டர்.)

சலூன்காரர்: அமெரிக்கா போகிறீர்களாமே சார், எந்த ஊர்?

வாத்தியார்: சான் டியாகோ. பையன் அங்கேதான். 12ஆம் தேதி ஃபிளைட். (காலண்டரைப் பார்த்து) இன்றைக்கு 8தானே, நாலு நாள் கிடக்கிறது.

சலூன்காரர்: என் மச்சினன் மகன் இருப்பது சான் ஹோசே. பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவாம். எல்லாம் சாணாகவே இருக்கிறதே, முழம் என்று ஒரு ஊர் கிடையாதா?

வாத்தியார்: அளக்கிற சாண் இல்லை தம்பி. ஸ்பானிஷில் சான் என்றால் புனிதர். கப்பல்காரர்கள் பல இடங்களில் காலண்டரைப் பார்த்துத்தான் பேர் வைத்தார்கள். அன்று எந்தப் புனிதரின் திருநாளோ, ஊர் அவருக்கு.

சலூன்காரர்: நல்லவேளை, நம் ஆள் இந்தக் காலண்டரோடு போகவில்லை. "பையன் எங்கே?" "கரிநாளில் வேலை பார்க்கிறான். மருமகள் ஊர் சந்திராஷ்டமம்."

வாத்தியார்: சிரிப்பு வருகிறது, முதலில் கத்தியை எடு! சான் டியாகோவுக்கே முதலில் வேறு பேர். 1542 செப்டம்பர் 28இல் கப்ரியோ என்ற கப்பல்காரர் வந்தார். மறுநாள் புனித மிகேல் திருநாள். சான் மிகேல் என்று வைத்தார். 60 வருடம் கழித்து, 1602இல், விஸ்காயினோ என்ற இன்னொரு கப்பல்காரர் வந்து சான் டியாகோ என்று மாற்றிவிட்டார். டியாகோ திருநாள் நெருங்கிய நவம்பர் மாதம். அவர் வந்த கப்பலின் பேரும் சான் டியாகோ.

சலூன்காரர்: அடேயப்பா! லாரி நெற்றியில் இருப்பதை ஊருக்கு வைத்த மாதிரி. நம் தெருவில் லாரி நின்றால் ஊர் பேர் 'முருகன் துணை'. சரி, திருநாளே இல்லாத நாளில் வந்தால்?

வாத்தியார்: கிழமை இருக்கிறதே! 1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, கொலம்பஸ் ஒரு தீவைப் பார்த்தார். டொமினிகா என்றார். லத்தீனில் ஞாயிறு.

சலூன்காரர்: நம் சேலத்திலும் செவ்வாய்ப்பேட்டை இருக்கிறதே சார். எனக்கு லீவு நாள்.

வாத்தியார்: அங்கே செவ்வாய்தோறும் சந்தை கூடியது, நியாயம். இவர் நங்கூரம் போட இடம் கிடைக்காமல் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனவர்.

சலூன்காரர்: இறங்காமலே பேரா? அங்கே ஆள் இல்லையா?

வாத்தியார்: காலினாகோ மக்கள் இருந்தார்கள். வைதுகுபுலி என்று பேர் வைத்திருந்தார்கள். 'அவள் உடல் உயரமானது' என்று அர்த்தம். மலைத்தீவு இல்லையா!

சலூன்காரர்: ஆள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேறு பேர்ப்பலகை மாட்டியிருக்கிறார். அதுவும் தெருவில் நின்றபடியே. (கத்தியைத் துடைத்துக்கொண்டு) ஆனால் சார், காலண்டரை நம்பிப் பேர் வைப்பது ஆபத்து. தாளை ஒழுங்காகக் கிழிக்க வேண்டாமா?

வாத்தியார்: ஏன்?

சலூன்காரர்: இதையே நான் மூன்று நாளாகக் கிழிக்கவில்லை.

வாத்தியார்: (துணியோடு எழுந்து) அடப்பாவி! அதுதான் காலையிலிருந்து வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாளா!