லிகோ மலை உச்சியில் இருந்த பானைகள்

"மனிதக் காலடியே படாத காடு" என்று எங்கேயாவது தலைப்பைப் பார்த்தால் எனக்கு மொசாம்பிக்கின் லிகோ மலைதான் நினைவுக்கு வரும்.

ஜூலியன் பேலிஸ் என்ற ஆய்வாளர் 2012-ல் கூகுள் எர்த்தில் வட மொசாம்பிக்கைத் துழாவிக்கொண்டிருந்தபோது இந்த மலை கண்ணில் பட்டது. (2005-ல் மாபு மலைக் காட்டையும் இப்படித்தான் பார்த்தார். உள்நாட்டுப் போரில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் உயிர் தப்ப ஒளிந்திருந்த காடு அது. அதைப் போய் "கண்டுபிடித்தார்" என்று எழுதக் கை கூசுகிறது.)

லிகோ, சமவெளியில் ஒற்றையாக நிற்கும் பாறை மலை. சுற்றிலும் செங்குத்துச் சுவர். உச்சியில் கிண்ணம் போன்ற பள்ளம், அதற்குள் சுமார் 30 ஹெக்டேர் மழைக்காடு. 2018 மே மாதம் 28 பேர் கொண்ட குழு ஒன்று போனது. மலையேற்ற வீரர்கள் முதலில் ஏறிக் கயிறு கட்ட, தவளையும் பட்டாம்பூச்சியும் தேடுகிறவர்கள் 125 மீட்டர் பாறையில் தொங்கிக்கொண்டு ஏறினார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? காய்ச்சல் எவ்வளவு என்று சொல்ல, காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு முதலில் தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள காடுகளில் விறகு வெட்டு, கரி மூட்டம், விவசாயத்துக்கு வைக்கும் தீ எல்லாம் உண்டு. அங்கே ஒரு மரவகை குறைந்தால் குற்றவாளி கோடரியா, வெப்பமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. லிகோ உச்சிக்குக் கோடரி போகவில்லை. அங்கே தெரியும் மாற்றத்துக்குப் பருவநிலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மண்ணும் அப்படியே. கலப்பை புரட்டாத மண்ணில் அடுக்குகள் கலைவதில்லை. குழுவினர் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். ஆழம் போகப் போகப் பழைய காலம். அந்தந்தக் காலத்துக் கரிமம் அந்தந்த அடுக்கில் கிடக்கும். எனக்கென்னவோ புதுப் பட்டாம்பூச்சி கிடைத்த செய்தியைவிட இந்தக் குழிதான் பெரிய விஷயம். ஆனால் குழியைப் படம் எடுத்துப் போட்டால் யார் லைக் போடுவார்கள்?

அப்புறம்தான் பானைகள். உச்சியில், ஓடை ஊற்றெடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பழைய மண்பானைகள், யாரோ கொண்டுவந்து வைத்தவை. அதோடு "காலடி படாத காடு" கதை முடிந்தது. ஆய்வுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காட்டை வெட்டாமல் விட்டிருந்தால் போதும், யாரும் வந்துபோகாமல் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. பத்திரிகைக்காரர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. சொல்லப்போனால் அந்த 30 ஹெக்டேரில் பானை வைத்தவர் நடந்ததைவிட இந்தக் குழு நடந்தது அதிகமாக இருக்கலாம். ஷூவில் ஒட்டிய ஒரு களை விதை போதும், அளவுகோலே கெட்டுவிடும். எடுத்த மண்ணையும் மாதிரிகளையும் வைத்து முடிந்தவரை ஆராயட்டும், வருஷா வருஷம் கயிறு கட்ட வேண்டாம் என்பது என் கட்சி.

அந்தப் பானைகளை யார், எதற்காக வைத்தார்கள்? ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் என்பதால் நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். மழை பொய்த்த ஏதோ ஒரு வருஷம், கயிறோ ட்ரோனோ இல்லாத யாரோ ஒருவர், பானை உடையாமல் அந்தச் சுவரில் ஏறியிருக்கிறார்.