பென்சில்வேனியாவில் கள்ள வாக்கு கொட்டினார்களா?

"2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் பென்சில்வேனியாவில் டிரம்ப் முன்னிலையில் இருந்தார், விடிவதற்குள் கள்ளத் தபால் வாக்குகளைக் கொட்டி பைடனை வெல்ல வைத்துவிட்டார்கள்" என்ற செய்தி இன்னும் வலம் வருகிறது. டிரம்ப் முன்னிலையில் இருந்தது உண்மை. மற்றது புளுகு.

அந்த மாநிலச் சட்டப்படி, தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் வாக்கு உறைகளைப் பிரிக்கக் கூடாது. வாரக்கணக்கில் வந்து குவிந்தவை சுமார் 26 லட்சம். ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்ட வெளியுறையைச் சரிபார்த்துப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரகசிய உறையையும் பிரித்து, மடிந்த சீட்டை நீவி, ஸ்கேனரில் விட வேண்டும். சில கவுண்டிகள் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) மறுநாள்தான் இதைத் தொடங்கவே செய்தன. புளோரிடாவில் வாரங்களுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கலாம். அங்கே அன்றிரவே முடிவு தெரிந்தது. அதை யாரும் சந்தேகிக்கவில்லை என்பது வேடிக்கை.

தபால் வாக்கை நம்ப வேண்டாம் என்று பிரச்சாரம் செய்தவர் டிரம்ப்தான். அவரது ஆதரவாளர்கள் பெரும்பாலும் நேரில் வாக்களித்தார்கள்; தபால் வாக்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பைடனுக்கு விழுந்தது. பைடன் முந்தியதும் விடிவதற்குள் அல்ல. நவம்பர் 3இல் வாக்குப்பதிவு. 6ஆம் தேதி காலையில்தான் முந்தினார். இறுதி வித்தியாசம் 80,555.

தேர்தல் நாளுக்குப் பின் வந்து சேர்ந்த சுமார் 10,000 வாக்குகளோ தனியே பிரித்து வைக்கப்பட்டன. அந்த 80,555இல் அவை சேரவே இல்லை.